மலையைக் கீழே இறக்கும் கருவி

மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட்டைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு ஊட்டிப் பேருந்தில் ஏறுங்கள். பர்லியாறு தாண்டும்போது பாக்கெட் லேசாக உப்பத் தொடங்கும். குன்னூரில் அதன் சுருக்கமெல்லாம் போயிருக்கும். ஊட்டியில் இறங்கும்போது தலையணை மாதிரி விறைத்து நிற்கும். வழியில் யாரும் அதற்குள் காற்றடைக்கவில்லை. உள்ளே இருந்த வாயு அப்படியேதான் இருக்கிறது. வெளியிலிருந்து அதை அமுக்கிப் பிடித்திருந்த காற்றின் கைதான் தளர்ந்துவிட்டது.

மேட்டுப்பாளையம் ரயில் நிலையம் கடல்மட்டத்திலிருந்து 326 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டி நகரம் ஏறத்தாழ 2,240 மீட்டர். சென்னைக் கடற்கரையில் 760 மில்லிமீட்டர் பாதரசத்தைத் தாங்கும் காற்றழுத்தம், ஊட்டியில் சுமார் 580 ஆகிவிடுகிறது. நான்கில் ஒரு பங்கு போய்விட்டது. அந்த உப்பிய பாக்கெட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மலை ஏறாமலே மலையின் காற்றை மனிதருக்குக் கொடுத்து, அவரை மிதிவண்டி மிதிக்கவைத்து, உடல் எப்படித் தாங்குகிறது என்று அளக்கும் கருவிகளைப் பற்றிய கட்டுரை இது. அந்தக் கருவிகளின் சூட்சுமம் இரண்டு. இரண்டும் அந்தப் பாக்கெட்டுக்குள்ளேயே இருக்கின்றன.

மலையில் எது குறைகிறது?

'மலை மேலே ஆக்சிஜன் கம்மி' என்று சொல்கிறோம். பாதிதான் சரி. எவரெஸ்ட் உச்சியிலும் 100 பங்கு காற்றில் 20.93 பங்கு ஆக்சிஜன்தான். மெரினாவிலும் அதே 20.93தான். விகிதம் மாறுவதில்லை. அழுத்தம் குறைவதால் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் காற்றே நீர்த்துப்போகிறது. காற்றின் மொத்த அழுத்தத்தில் ஆக்சிஜனின் பங்காக வரும் அழுத்தத்தைப் பகுதி அழுத்தம் என்பார்கள். நுரையீரலிலிருந்து இரத்தத்துக்குள் ஆக்சிஜனைத் தள்ளுவது இந்தப் பகுதி அழுத்தம்தான்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. மூச்சுக்குழாய்க்குள் நுழைந்ததும் காற்று உடற்சூட்டில் ஈரமாகிவிடுகிறது. அந்த நீராவி எந்த உயரத்திலும் 47 மில்லிமீட்டர் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். மலையில் காற்று இளைத்தாலும் நீராவி தன் பங்கைக் குறைத்துக்கொள்வதில்லை. ஆகவே கணக்கு இப்படி வருகிறது: சென்னையில் 760-இல் 47 போக மீதி 713, அதில் 20.93 சதவீதம் என்றால் 149. ஊட்டியில் இதே கணக்கு 112 தருகிறது. 3,500 மீட்டரில் இருக்கும் லே நகரத்தில் சுமார் 94. எவரெஸ்ட் உச்சியில் 1981-இல் முதன்முதலாக நேரில் அளந்த காற்றழுத்தம் 253 மில்லிமீட்டர். ஆக, அங்கே மூச்சுக்குள் வரும் ஆக்சிஜனின் அழுத்தம் வெறும் 43. கடற்கரையில் கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

இந்த 149, 112, 94, 43 என்ற எண்கள்தான் மலை. குளிர், காற்று, பனி எல்லாம் அதன் உடைகள். இந்த எண்ணைத் தரையில் உருவாக்க முடிந்தால், உடலைப் பொறுத்தவரை மலையின் முக்கியமான பாதியைக் கீழே இறக்கிவிட்டோம் என்று சொல்லலாம்.

ஆய்வகத்தைச் சுமந்துபோன காலம்

இதை முதலில் தெளிவாகக் காட்டியவர் பிரெஞ்சு உடலியல் அறிஞர் பால் பெர்ட். 1870-களில் பாரிசில் உலோக அறை ஒன்றைச் செய்து, அதிலிருந்து காற்றை உறிஞ்சி எடுத்து, தானே உள்ளே உட்கார்ந்து சோதித்தார். உயரம் ஏறுகிறவர்களைத் தாக்கும் மலைநோய்க்குக் காரணம் ஆக்சிஜனின் பகுதி அழுத்தம் குறைவதுதான் என்று 1878-இல் வெளிவந்த தமது பெரும் நூலில் நிறுவினார். அவருடைய அறையில் பயிற்சி பெற்ற சிவெல், குரோசே-ஸ்பினெல்லி என்ற இருவரும் கஸ்தோன் திசாந்தியே என்ற மூன்றாமவரும் 1875 ஏப்ரல் 15 அன்று 'செனித்' என்ற பலூனில் 8,000 மீட்டருக்கு மேல் சென்றார்கள். ஆக்சிஜன் பைகள் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தன. ஆனால் கையைத் தூக்கவே முடியவில்லை. பலூன் இறங்கியபோது திசாந்தியே மட்டுமே உயிரோடு இருந்தார். ஆக்சிஜன் குறைவின் கொடுமை இதுதான். ஆபத்து வந்துவிட்டது என்று உணரும் அறிவையே அது முதலில் மங்கவைக்கும்.

அதன் பிறகு நெடுங்காலம் ஆய்வாளர்கள் மலைக்கே கருவிகளைச் சுமந்தார்கள். 1960-61-இல் எட்மண்ட் ஹிலாரி தலைமையில் நேபாளம் சென்ற குழு, 5,800 மீட்டர் உயரத்தில் வெள்ளி நிற மரக்குடில் ஒன்றை நிறுவி, குளிர்காலம் முழுக்க அங்கேயே தங்கியது. கிரிஃபித் பியூ என்ற உடலியலாளர் ஆய்வுகளை வழிநடத்தினார். இந்தியாவிலிருந்து சுகமய் லாகிரி என்ற உடலியலாளரும் அதில் இருந்தார். குடிலுக்குள் நிலையான மிதிவண்டி ஒன்றை வைத்து மிதித்து, விடும் மூச்சைப் பெரிய பைகளில் பிடித்து அளந்தார்கள். அந்த மிதிவண்டியை மக்காலு சிகரத்தின் கீழே 7,440 மீட்டர் உயரக் கணவாய்க்கே தூக்கிப்போய், அங்கேயும் மிதித்தார்கள். நடக்கவே நாலு மூச்சு வாங்கும் இடத்தில் அளவெடுப்பதற்காக மிதித்தவர்களை எண்ணிப் பாருங்கள்.

உயரத்தில் உடற்பயிற்சி எவ்வளவு கடினம் என்பதை உலகம் கண்ணால் கண்டது 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில். மெக்சிகோ நகரம் கிட்டத்தட்ட நம் ஊட்டியின் உயரம்தான். காற்றின் தடை குறைந்ததும் கைகொடுக்க, பாப் பீமன் 8.90 மீட்டர் நீளம் தாண்டினார்; குறுகிய ஓட்டங்களில் சாதனைகள் விழுந்தன. நெடுந்தூர ஓட்டத்தில் கதை தலைகீழ். 10,000 மீட்டரை 27 நிமிடம் 39.4 விநாடியில் ஓடி உலக சாதனை வைத்திருந்த ஆஸ்திரேலியாவின் ரான் கிளார்க், ஆறாவதாக வந்து கோட்டைத் தாண்டியதும் சுருண்டு விழுந்தார். வென்ற கென்ய வீரர் நஃப்தாலி தெமுவுக்கே 29 நிமிடம் 27.4 விநாடி ஆனது. ஊட்டி உயரத்துக்கே இந்தக் கதி.

உட்கார்ந்திருக்கும் உடல் உண்மையைச் சொல்லாது

ஏன் மிதிக்கவைத்துச் சோதிக்க வேண்டும்? நாற்காலியில் உட்காரவைத்து விரலில் ஆக்சிமீட்டர் மாட்டிப் பார்த்தால் போதாதா?

போதாது. ஓய்வில் இருக்கும்போது ஒரு சிவப்பணு நுரையீரலின் நுண்குழாயைக் கடக்க சுமார் 0.75 விநாடி எடுத்துக்கொள்கிறது. கடல்மட்டத்தில் முதல் 0.25 விநாடியிலேயே அது ஆக்சிஜனை நிரப்பிக்கொண்டுவிடும். மீதி நேரம் கையிருப்பு. கடுமையாக உழைக்கும்போது இதயம் இரத்தத்தை வேகமாகத் தள்ளுவதால், கடக்கும் நேரம் பாதிக்கும் கீழே குறைகிறது. சமவெளியில் அதுவும் போதும். மலையிலோ தள்ளும் அழுத்தம் குறைவு. நிரம்ப அதிக நேரம் வேண்டும்.

குழாயடியை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் நன்றாக வரும் நாளில், வரிசை எவ்வளவு வேகமாக நகர்ந்தாலும் குடம் நிரம்பிவிடும். தண்ணீர் நூலாக வரும் நாளிலும், வரிசையில் ஆளில்லை என்றால் காத்திருந்து நிரப்பிக்கொள்ளலாம். தண்ணீரும் நூலாக வந்து, பின்னாலிருந்து 'சீக்கிரம், சீக்கிரம்' என்று தள்ளவும் செய்தால், அரைக்குடத்தோடுதான் நகரவேண்டும். மலையில் உழைக்கும் உடலின் சிவப்பணு அந்த அரைக்குடம்தான்.

அதனால்தான் லே-யில் விமானத்திலிருந்து இறங்கி நாற்காலியில் அமர்ந்திருப்பவரின் இரத்த ஆக்சிஜன் அளவு ஓரளவு நன்றாகவே தெரியும். பையைத் தூக்கிக்கொண்டு இரண்டு மாடி ஏறியதும் அது சரியும். எவ்வளவு சரியும் என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். குறைந்த ஆக்சிஜனை உணர்ந்து மூச்சை ஆழமாக்குவது கழுத்துத் தமனியில் அரிசி மணியளவு உள்ள ஓர் உணர்வுறுப்பின் வேலை. சிலருக்கு அது விழிப்பாக இருக்கும், சிலருக்கு மந்தம். நல்ல ஓட்டக்காரராக இருப்பது அந்த விழிப்புக்கு உத்தரவாதம் இல்லை. கட்டுமஸ்தான இளைஞர் மலையில் படுத்துவிடுவதும், அவருடைய அத்தை நிதானமாக நடந்து போய்ச்சேருவதும் வியப்பே இல்லை.

இரண்டு வழிகள்

மலையைக் கீழே இறக்க முதல் வழி பால் பெர்ட்டின் வழி. உருக்கு அறைக்குள் ஆளை விட்டு, பம்பு வைத்துக் காற்றை உறிஞ்சுவது. இதில் மொத்த அழுத்தமே குறைவதால் மலைக்கு மிக நெருக்கமானது. பெங்களூரில் விமானப்படையின் விண்வெளி மருத்துவக் கழகத்தில் இப்படிப்பட்ட அறை இருக்கிறது. விமானிகள் அதில் அமர்ந்து ஆக்சிஜன் குறைவில் தங்களுக்கு என்ன ஆகிறது என்று பழகிக்கொள்கிறார்கள். இந்த முறையின் உச்சம் 1985-இல் அமெரிக்காவின் நேட்டிக் நகரில் நடந்த 'ஆபரேஷன் எவரெஸ்ட்-2'. எட்டுத் தன்னார்வலர்கள் 40 நாள் அறைக்குள்ளேயே வாழ, அழுத்தத்தை நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து எவரெஸ்ட் உச்சி வரை 'ஏற்றினார்கள்'. மிதிவண்டி மிதிக்கும்போதே இதயத்துக்குள் குழாய் செலுத்தி அளந்தார்கள். கடல்மட்டத்தில் நிமிடத்துக்குச் சராசரியாக 3.98 லிட்டர் ஆக்சிஜனைப் பயன்படுத்த முடிந்த அந்த உடல்களால், உச்சியின் காற்றில் 1.17 லிட்டர்தான் பயன்படுத்த முடிந்தது. சமவெளியில் நிதானமாக நடக்கும் அளவு உழைப்புதான் அங்கே உயிரைப் பிடித்துக்கொண்டு செய்யும் உச்ச உழைப்பு.

உருக்கு அறைக்குச் செலவு அதிகம். காது அடைக்கும். உள்ளே ஒருவர் மயங்கினால் கதவை உடனே திறக்க முடியாது. எனவே இரண்டாவது வழி. சிப்ஸ் பாக்கெட்டுக்குள் என்ன இருக்கிறது? எண்ணெய்ப் பண்டம் சிக்கு வாடை அடிக்காமலிருக்க ஆக்சிஜனை விரட்டிவிட்டு நைட்ரஜனை அடைத்திருப்பார்கள். அதே உத்திதான். மொத்த அழுத்தத்தைத் தொடாமல், காற்றில் நைட்ரஜனைக் கூட்டி ஆக்சிஜனின் விகிதத்தைக் குறைத்துவிட்டால் அதே பகுதி அழுத்தம் கிடைத்துவிடும். சென்னையில் 15.6 சதவீத ஆக்சிஜனைச் சுவாசித்தால் ஊட்டி. 13.1 சதவீதம் என்றால் லே. 12 சதவீதம் என்றால் சுமார் 4,100 மீட்டர். எவரெஸ்ட் உச்சி 6 சதவீதம்.

அந்த நைட்ரஜனுக்கு எங்கே போவது? 2021-இல் கொரோனா இரண்டாம் அலையின்போது வீடு வீடாகத் தேடி அலைந்த ஆக்சிஜன் செறிவூட்டியை மறந்திருக்க மாட்டீர்கள். அதற்குள் ஜியோலைட் என்ற நுண்துளைக் கனிம மணிகள் இருக்கும். அழுத்தித் தள்ளிய காற்றிலிருந்து நைட்ரஜனை அவை பிடித்துவைத்துக்கொள்ள, ஆக்சிஜன் வெளியே வரும். பிறகு அழுத்தத்தைத் தளர்த்தியதும் நைட்ரஜனைக் கக்கிவிடும். நோயாளிக்கு ஆக்சிஜன், அறைக்குக் கழிவாக நைட்ரஜன். மலைக்காற்றுக் கருவியில் இந்தக் கழிவுதான் பண்டம். சில கருவிகள் ஜியோலைட்டுக்குப் பதிலாக, நைட்ரஜனைவிட ஆக்சிஜனை வேகமாகக் கசியவிடும் மெல்லிய பாலிமர் குழல்களைப் பயன்படுத்துகின்றன. தத்துவம் ஒன்றுதான். மூச்சு கொடுக்கும் கருவியும் மூச்சு வாங்கவைக்கும் கருவியும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்.

பையும் வால்வும்

இப்போது அந்தச் சோதனைக் கருவியைப் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். ஒரு நிலையான மிதிவண்டி. மிதிப்பவரின் மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் சிலிக்கோன் முகமூடி. பட்டைகள் பின்தலையில் இறுக்கமாகக் கட்டியிருக்கும். முகமூடியின் முன்னால் T வடிவத்தில் ஒரு வால்வு. அதற்குள் இரண்டு மெல்லிய ரப்பர் இதழ்கள்: ஒன்று உள்ளே வரும் காற்றுக்கு மட்டும் திறக்கும், மற்றது வெளியேறும் காற்றுக்கு மட்டும். ஒவ்வொரு மூச்சுக்கும் 'டப்... டப்...' என்று மெல்லிய ஓசை. வால்விலிருந்து நீளும் கட்டைவிரலைவிட அகலமான நெளிகுழாய், ஆளுயரப் பை ஒன்றில் போய் முடியும். பையை மறுமுனையில் கருவி நிரப்பிக்கொண்டே இருக்கும்.

பை எதற்கு? இதில்தான் பல கருவிகள் தோற்கின்றன. சும்மா உட்கார்ந்திருப்பவர் நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் காற்றைச் சுவாசிக்கிறார். கடுமையாக மிதிக்கும்போது அது 100 லிட்டரைத் தாண்டும். தேர்ந்த படகோட்டி வீரர்களுக்கு 200 லிட்டர்கூட ஆகும். அதுவும் சராசரிதான். மூச்சை இழுக்கும் அந்த ஒரு கணத்தில் ஓட்டம் சராசரியைப் போல மூன்று மடங்கு. எந்தச் சிறு கம்ப்ரசராலும் அந்தக் கணத்துக்கு ஈடுகொடுக்க முடியாது. மேல்நிலைத் தொட்டி எப்படி ஒல்லியான குழாயில் இரவெல்லாம் நிரம்பிக் காலையில் ஊருக்கே தண்ணீர் கொடுக்கிறதோ, அப்படித்தான் இந்தப் பையும்.

மிதிப்பவரின் வேகம் கூடக்கூடப் பையைக் கவனியுங்கள். முதலில் வயிறு நிறைந்த பசுவைப் போலப் பெருத்திருக்கும். பிறகு ஒவ்வொரு மூச்சுக்கும் விலா ஒடுங்கும். ஒரு கட்டத்தில் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொள்ளும். அந்த நொடியில் மிதிப்பவருக்குக் காற்று கிடைக்காமல் முகமூடி உள்ளே இழுபடும். மூக்கோரம் எங்காவது ஒரு சிறு இடைவெளி திறந்து, அறையின் 20.93 சதவீதக் காற்று உள்ளே புகும். கருவியின் முகப்பில் '12 சதவீதம்' என்றே எழுதியிருக்கும். உள்ளே போவது வேறு.

எவ்வளவு வேறு? ஒவ்வொரு 100 லிட்டரிலும் 10 லிட்டர் அறைக்காற்று கலந்தால் 12 சதவீதம் 12.9 ஆகிவிடும். கேட்பதற்கு ஒன்றுமில்லாத வித்தியாசம். உயரக் கணக்கில் அது 4,100 மீட்டரிலிருந்து 3,600 மீட்டருக்கு இறங்கிவிடுவது. சோதனைக்கு வந்தவர் 500 மீட்டர் கீழேயே நின்றுகொண்டு, மேலே நின்று தேறிவிட்டதாகச் சான்றிதழ் வாங்கிப் போவார். அந்தச் சான்றிதழை நம்பி உண்மையான மலையில் ஏறுவார். உடலைச் சோதிக்கும் முன் கருவியைச் சோதிக்க வேண்டும் என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்வது இதனால்தான்.

கருவிக்கு வைக்கும் தேர்வு

முதல் தேர்வு, ஆக்சிஜனை எங்கே அளக்கிறார்கள் என்பது. கருவியின் வாயிலில் அளந்தால் பயனில்லை. மனிதரின் வாயருகே, அதுவும் அவர் உச்ச வேகத்தில் மிதிக்கும்போது அளக்க வேண்டும். ஓய்வில் சரியாக இருந்த எண் உழைப்பில் ஏறினால், எங்கோ ஒழுகுகிறது அல்லது பை போதவில்லை.

இரண்டாவது, அளக்கும் உணரியே சரியா என்பது. பரவலாகப் பயன்படும் ஆக்சிஜன் உணரிகள் உள்ளபடி அளப்பது பகுதி அழுத்தத்தைத்தான். அதைச் சதவீதமாக மாற்றித் திரையில் காட்டுகின்றன. சென்னையில் 20.9 என்று சரிசெய்த உணரியை அப்படியே ஊட்டிக்கு எடுத்துப்போனால், திறந்த வெளியில் வைத்தாலும் 16 என்று காட்டும். ஊட்டிக் காற்றில் ஆக்சிஜன் விகிதம் குறைந்துவிடவில்லை. உணரி அழுத்தத்தைச் சொல்கிறது. ஆகவே ஒவ்வொரு சோதனைக்கு முன்பும் அறைக்காற்றில் ஒருமுறை, அளவு தெரிந்த சிலிண்டர் வாயுவில் ஒருமுறை என இரண்டு புள்ளிகளில் சரிபார்ப்பது கட்டாயம்.

இங்கேயே இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துக்கொள்ளலாம். உயரத்தைச் சதவீதமாக மாற்றும் அட்டவணைகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. முன்னே சொன்ன 47 மில்லிமீட்டர் நீராவியைக் கழிக்காமல் நேராகப் பெருக்கினால் 11.5 சதவீதம் என்பது 4,800 மீட்டர். நீராவியைக் கழித்துக் கணக்கிட்டால் அதுவே சுமார் 4,400 மீட்டர். எந்தக் கணக்கு என்று சொல்லாமல் உயரத்தை மட்டும் சொல்லும் கருவியை நம்பிவிடக் கூடாது.

மூன்றாவது, கரியமில வாயு. ரப்பர் இதழ் ஒன்று மடங்கிக்கொண்டாலோ, முகமூடிக்குள் விட்ட மூச்சு தேங்கும் காலியிடம் அதிகமானாலோ, விட்ட மூச்சே திரும்ப உள்ளே போகும். கரியமில வாயு ஏறினால் மூச்சு வேகமெடுக்கும். ஆக்சிஜன் குறைவால் மூச்சு வாங்குகிறதா, கரியமில வாயுவால் வாங்குகிறதா என்று பிரித்தறிய முடியாமல் சோதனையே பாழாகும். குழாய் ஒல்லியாக இருந்தால் இழுக்கவே தசைகள் சோரும். அந்தக் களைப்பும் மலையின் கணக்கில் தவறாகச் சேரும்.

நான்காவது, கணினி. விட்ட மூச்சை ஆராய்ந்து உடல் எவ்வளவு ஆக்சிஜன் எடுத்தது என்று சொல்லும் கருவி, 'உள்ளே போனது' என்பதிலிருந்து 'வெளியே வந்தது' என்பதைக் கழிக்கிறது. உள்ளே போனது 12 சதவீதம் என்று அதற்குச் சொல்லாவிட்டால் அது 20.93 என்றே வைத்துக்கொண்டு கழிக்கும். எந்த மனித உடலாலும் முடியாத ஒரு பேரெண்ணைத் திரையில் காட்டும். அப்படிப் பெரிதாகத் தவறினால் பரவாயில்லை, பிடித்துவிடலாம். 12.0-க்குப் பதில் 12.4 என்று பதிந்திருந்தால் யாருக்கும் தெரியாது.

ஐந்தாவது, விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர். மிதிவண்டியின் கைப்பிடியை இறுகப் பிடித்தால் விரலில் இரத்தம் சரியாக ஓடாது. குலுக்கலில் எண் தாவும். ஆகவே நெற்றியிலோ காது மடலிலோ பொருத்துவது மேல். நம்மவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்றும் இதில் உண்டு. சருமம் கருமையாக இருப்பவர்களுக்கு இந்தக் கருவி உண்மையைவிடச் சற்று அதிகமான எண்ணைக் காட்டக்கூடும். அமெரிக்க மருத்துவமனைகளில் கருவி 'நன்று' என்று காட்டியும் இரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்திருந்த நிலை, வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு இருந்ததாக 2020-இல் ஓர் ஆய்வு காட்டியது. கொரோனா காலத்தில் நம் வீடுகளில் புழங்கிய ஆக்சிமீட்டர்களின் துல்லியத்தை நிர்ணயிப்பதும் இந்த மலைக்காற்றுச் சோதனைதான். ஆரோக்கியமான தன்னார்வலர்களுக்குப் படிப்படியாக ஆக்சிஜன் குறைந்த காற்றைக் கொடுத்து, தமனி இரத்தத்தை எடுத்து அளந்து, அந்த எண்ணோடு ஆக்சிமீட்டர் காட்டும் எண்ணை ஒப்பிடுகிறார்கள். பொதுவாக 70 சதவீதத்துக்குக் கீழே அந்த ஒப்பீடு போவதில்லை.

சோதனை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

இப்படிச் சீராக அமைத்த சோதனைக்கு நல்ல எடுத்துக்காட்டு பிரான்சில் ழான்-போல் ரிஷாலே உருவாக்கிய முறை. ஓய்வில் சாதாரணக் காற்று, ஓய்வில் 11.5 சதவீத ஆக்சிஜன், அதே காற்றில் மிதமான மிதிப்பு, பிறகு சாதாரணக் காற்றில் மிதிப்பு என்று நான்கு கட்டங்கள். எல்லாம் சேர்த்துச் சுமார் 20 நிமிடம். குறைந்த ஆக்சிஜனில் மிதிக்கும்போது இரத்த ஆக்சிஜன் எவ்வளவு சரிகிறது, மூச்சு எவ்வளவு எழுகிறது, இதயத் துடிப்பு எவ்வளவு கூடுகிறது என்று பார்க்கிறார்கள். 4,000 மீட்டருக்கு மேல் செல்லவிருந்த 1,300-க்கும் மேற்பட்டோரைச் சோதித்து, திரும்பி வந்தபின் என்ன நேர்ந்தது என்று கேட்டறிந்து 2012-இல் வெளியிட்டார்கள். மிதிக்கும்போது ஆக்சிஜன் மிக அதிகமாகச் சரிந்தவர்களும், மூச்சு போதிய அளவு எழாதவர்களும் கடும் மலைநோய்க்கு ஆளாகும் வாய்ப்பு அதிகம் என்று தெரிந்தது.

இந்தியாவுக்கு இது தொலைதூரச் செய்தி இல்லை. 1962 போரை ஒட்டிச் சமவெளிச் சிப்பாய்களை அவசரமாக இமயத்துக்கு ஏற்றியபோது பலர் மலைநோயில் விழுந்தார்கள். மருத்துவர் இந்தர் சிங்கும் சகாக்களும் 1,925 சிப்பாய்களைப் பற்றி 1969-இல் எழுதிய கட்டுரையை இன்றும் உலகம் முழுதும் மேற்கோள் காட்டுகிறார்கள். இன்று டெல்லியிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் விமானம் லே-யில் இறக்கிவிடுகிறது. தமிழ்நாட்டிலிருந்து கைலாயத்துக்குப் போகிறவர்கள் 5,600 மீட்டருக்கு மேலே உள்ள டோல்மா கணவாயைக் கால்நடையாகக் கடக்கிறார்கள். கடற்கரையில் வளர்ந்த உடலுக்கு இவையெல்லாம் சாதாரணத் தாவல்கள் அல்ல.

அதே சமயம் 20 நிமிடச் சோதனை மலையின் முழு உண்மையையும் சொல்லிவிடாது. மலைநோய் பெரும்பாலும் 6 முதல் 12 மணி நேரம் கழித்துத்தான் தலைகாட்டும். உடல் பழகிக்கொள்வது நாள்கணக்கில் நடக்கும் வேலை. ஆக்சிஜன் குறைவை உயிரணுக்கள் உணரும் விதத்தைக் கண்டறிந்ததற்காகத்தான் கேலின், ரேட்கிளிஃப், செமென்சா மூவருக்கும் 2019-இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த உணர்வு தட்டியெழுப்பும் எரித்ரோபொயட்டின் என்ற ஹார்மோன் புதிய சிவப்பணுக்களைப் பெருக்கக் காலம் வேண்டும். சோதனையில் நன்றாகத் தேறியவரும் மெதுவாகத்தான் ஏற வேண்டும்.

வீட்டிலேயே நைட்ரஜன் சிலிண்டர் வைத்து முயன்று பார்க்கலாமா என்று யாருக்கும் தோன்றிவிடக் கூடாது. மூச்சு முட்டுகிறது என்ற தவிப்பைக் கொடுப்பது பெரும்பாலும் கரியமில வாயுதான். நைட்ரஜனைச் சுவாசிக்கும்போது கரியமில வாயு வழக்கம்போல வெளியேறிக்கொண்டே இருப்பதால், எந்தத் தவிப்பும் இல்லாமல் நினைவு தப்பும். பலூனில் அந்த இருவருக்கு நடந்தது அதுதான். ஆய்வகத்தில் மருத்துவர் பக்கத்தில் நிற்பதும், ஒரே திருகில் சாதாரணக் காற்றுக்கு மாற்றும் வால்வு கையருகே இருப்பதும் இதற்காகவே.

உடற்பயிற்சிக் கூடங்களில் 'மலைப் பயிற்சி முகமூடி' என்று விற்பதை மாட்டிக்கொண்டு ஓடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அது காற்று நுழையும் துளையைச் சுருக்குகிறது. காற்றின் ஆக்சிஜன் பங்கை ஒன்றும் செய்வதில்லை. மூச்சுத் தசைகளுக்கு வேலை கிடைக்கலாம். அதற்கு மலை என்று பெயர் வைக்க முடியாது.

உங்கள் ஊரில் யாராவது உயரச் சோதனை செய்து தருகிறேன் என்றால் மூன்றே கேள்வி கேளுங்கள். வாயருகே ஆக்சிஜனை அளக்கிறீர்களா? நான் மூச்சிரைக்க மிதிக்கும்போதும் அந்த எண் அசையாமல் நிற்கிறதா? கடைசியாக உணரியைச் சரிபார்த்தது எப்போது? பதில் தடுமாறினால் திரும்பி வந்துவிடுங்கள். ஊட்டியில் மூடிபோட்ட காலித் தண்ணீர் பாட்டில், மேட்டுப்பாளையம் வந்து சேரும்போது தானாக ஒடுங்கியிருக்கும். எவ்வளவு உயரத்திலிருந்து இறங்கியது என்பதை அதனால் மறைக்க முடியாது. ஓர் உயிரை மலைக்கு அனுப்பும் கருவியிடம் அந்த பாட்டிலின் நேர்மையையாவது நாம் கேட்டு வாங்க வேண்டும்.